தகரக் கொட்டகையில் ஒரு நைலான் கிட்டார்

எந்த ஒயரை எங்கே செருகுவது, எந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு உங்கள் கைப்பேசியில் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. என்னைவிட நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து, குக்கர் விசில் சத்தத்தைக் குறைக்கக் கூடாதா என்று மனைவியிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள். அந்த விஷயத்தில் எனக்குப் பாடம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் கச்சேரி மேடைகளுக்கு ஒலி அமைக்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களைப் பார்த்தால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு வாத்தியம் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் உங்கள் விரல் எங்கே போகும்? அந்த வாத்தியத்தின் ஒலியைக் கூட்டத்தான் போகும். எல்லோருடைய விரலும் அங்கேதான் போகும். என் விரலும் காலமெல்லாம் அங்கேதான் போனது. ஒரு நாள் அது போகாமல் நின்றது. அந்த நாளைப் பற்றித்தான் சொல்கிறேன், டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

பாண்டியையும் அரசியையும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பாண்டிக்கு ஊர் திருமங்கலம். பகலில் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை, மற்ற நேரமெல்லாம் எலக்ட்ரிக் கிட்டார். ராக் இசை என்றால் உயிரை விடுவான். அவன் மனைவி அரசி அலங்காநல்லூர் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்துப் பெண். மதுரைக்குள் பிள்ளைகளுக்குக் கிட்டார் வகுப்பு எடுக்கிறாள். அவள் வாசிப்பது ஃபிளமெங்கோ, ஸ்பெயினின் தென்பகுதிக்காரர்களுடைய வாசிப்பு. அந்த ஊர் வாத்தியார் ஒருவரிடம் இணையம் வழியாகவே வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டாள்.

அந்தக் கிட்டாருக்கு நைலான் கம்பி. பிளாஸ்டிக் வில்லையால் மீட்டுகிற வேலையெல்லாம் கிடையாது, வலது கை நகங்கள்தான் எல்லாம். ஐந்து விரலும் விசிறி மாதிரி விரிந்து கம்பிகள் மேல் இறங்கும். நடுநடுவே பலகையிலும் விரலால் தட்டுவாள். நகம் ஒடிந்தால் பிழைப்பு போச்சு. அதனால் அவர்கள் வீட்டில் பாத்திரம் விளக்குவதும் தேங்காய் துருவுவதும் பாண்டிதான். ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கூட மாற்றாமல் சிங்க் முன்னால் நிற்பான். நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அம்புட்டுப் பாசம் அவனுக்கு.

இரண்டு பேரும் சேர்ந்து ஃபிளமெங்கோவையும் ராக்கையும் கலந்து சொந்தமாகப் பாட்டுகள் அமைத்தார்கள். டிரம்ஸுக்கு யூசுப். தெற்கு வாசல் பக்கம் அத்தர்க் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பையன். ஆக மூன்றே பேர் கொண்ட குழு. பாடகர் யாரும் இல்லை. கூட்டத்திடம் பேசுவதற்கும் நாலு வரி பாடுவதற்கும் பாண்டி முன்னால் ஒரு மைக் நிற்கும்.

இனி கப்பலூருக்கு வருகிறேன். பாண்டி வேலை பார்த்த அதே கம்பெனியின் ஆண்டு விழா. முதலாளி மகனுக்கு ராக் பிடிக்குமாம். நம்ம ஆள் ஒருத்தன் வாசிக்கிறானே, அவனையே போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். இடம் சரக்கு வைக்கிற கொட்டகை. மேலே தகரம், கீழே சிமெண்ட், நல்ல கோடை. ஆளுயர ராட்சத ஃபேன்களைச் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்கள். அவை ஓடினால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஒலி அமைக்கிறவனுக்கு அதைவிட மோசமான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மத்தியானம் ஒலி சரிபார்த்து முடித்தோம். பாண்டி சக தொழிலாளிகளோடு நாற்காலி தூக்கப் போய்விட்டான். மேடையில் நானும் அரசியும் மட்டும் இருந்தோம். கிட்டாரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுத்தா.”

“இன்னைக்கோட நான் மேடையில வாசிக்கிறத நிப்பாட்டிக்கிறேன். வகுப்பு மட்டும் எடுத்துக்கிறேன். அவருகிட்ட வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கிறேன்.”

“ஏத்தா, உங்களுக்குள்ள சண்டையா?”

“அய்யோ, சண்டையெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. அவரு என்னைத் தங்கமா வச்சிருக்காரு. ஆனா மேடையில நான் இருக்கனா இல்லையான்னு யாருக்கும் தெரிய மாட்டேங்குது. போன கச்சேரியில பாட்டு நடுவுல வாசிக்கிறத நிப்பாட்டிட்டு, கையக் கம்பி மேல சும்மா வச்சுப் பாத்தேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அவரும் பாக்கல.”

அது நான் போகாத கச்சேரி. போயிருந்தால் மட்டும் கவனித்திருப்பேனா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். சுரத்தை உறுமலாக்குகிற டிஸ்டார்ஷன் போட்ட எலக்ட்ரிக் கிட்டார் பக்கத்தில் நைலான் கம்பி என்ன செய்யும்? அதன் ஒலியைக் கூட்டினால் அதன் மரப்பெட்டி ஸ்பீக்கர் சத்தத்தை வாங்கிக்கொண்டு ஊவென்று கூவும். கூட்டாவிட்டால் காணாமல் போகும்.

“கூட்டம் கைதட்ட ஆரம்பிச்சா அவரு கூட்டத்தோட போயிர்றாருண்ணே. நான் அங்கனயே நிக்கேன்” என்றாள்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் பாட்டுக்குத் தாளம் பன்னிரண்டு எண்ணிக்கை. சமமாக வராது. முதலில் மூன்று மூன்றாக நிதானமாக நடக்கும், பிறகு இரண்டு இரண்டாக ஓடும், ஓடி வந்து நின்று ஒரு மூச்சு விடும். அந்த மூச்சு விடுகிற இடம்தான் அழகே. நம் ஊர்க் கூட்டமோ குஷி வந்தால் நாலு நாலாகத் தட்டும். நம் மேடைகளின் வழக்கம் என்ன? கூட்டம் தட்டினால் வாசிக்கிறவன் அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் கச்சேரி களைகட்டுவது என்று எல்லோரும் நினைக்கிறோம். பாண்டியும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவன். கைதட்டல் கேட்டதும் நாலுக்குத் தாவி, சத்தத்தையும் கூட்டிவிடுவான். மூச்சு விடுகிற இடம் அடைபட்டுப் போகும். யூசுப் யாரோடு போவது என்று தெரியாமல் முழிப்பான்.

நான் பாண்டியிடம் எதையும் சொல்லவில்லை. அது புருஷன் பெண்டாட்டி பேச வேண்டிய விஷயம், ஸ்பீக்கர் போட வந்தவன் மூக்கை நுழைக்கக் கூடாது. “தம்பி, உன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் குறைடா” என்று மட்டும் சொன்னேன்.

“அண்ணே, ராக்குன்னா அப்படித்தான்ணே இருக்கும்” என்று சிரித்தான். ஆனாலும் குறைத்தான். நான் ஒலிக் குமிழ்கள் இருக்கிற மிக்ஸர் மேசைக்குத் திரும்பி நடப்பதற்குள் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டான். இதை எந்தக் கிட்டார்க்காரனும் செய்வான், நாளைக்கு உங்களுக்கும் செய்வான். கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கச்சேரி தொடங்கியது. கொட்டகை நிறையத் தொழிலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். “மாப்ள பாண்டி!” என்று நாலா பக்கமும் கூச்சல். தினமும் தன்னோடு சோறு பங்கு போட்டுச் சாப்பிடுகிறவர்கள் முன்னால் மேடையில் நிற்கிறான், அவனுக்குத் தலைகால் புரியுமா? முதல் பாட்டிலேயே மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான், குதித்தான். அரசி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கால் மேல் கிட்டாரை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு வாசித்தாள். நான் அவள் ஒலியைக் கூவுகிற எல்லைவரை ஏற்றிப் பார்த்தேன். மினுக்கென்று ஏதோ வந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது பாட்டு அவர்களே அமைத்ததில் அவளுக்கு மிகவும் பிடித்தது. பன்னிரண்டு எண்ணிக்கைப் பாட்டு. பாதியில் கூட்டம் தட்டத் தொடங்கியது. பாண்டி வழக்கம்போலத் தாவினான். தாவின வேகத்தில் அவன் கால் அரசியின் கிட்டார் ஒயரில் சிக்கியது. பட்டென்று ஒரு வெடிச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. ஒயர், கிட்டாரிலிருந்த சாக்கெட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

அவள் பிய்ந்த ஓட்டையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்கிறேன். நம் தொழிலில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. மேடையில் ஒன்று செத்துப்போனால் மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டிச் சமாளிப்பார்கள், நாம் ஓடிப் போய்ச் சரிசெய்வோம். ஒலி நிற்கக் கூடாது. பாண்டி என்னைத்தான் பார்த்தான். தொடரட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான். சரி என்று நான் தலையை ஆட்டியிருந்தால் பாட்டு ஜோராக முடிந்திருக்கும், கூட்டமும் விசிலடித்திருக்கும். அவள் உயிரில்லாத கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் அவள் சொன்னதை ஊர் முன்னால் நானே உண்மையாக்கியிருப்பேன்.

பாண்டியின் மைக்கைத் தவிர மற்ற எல்லா ஒலியையும் கீழே இறக்கினேன். பாண்டியையும் யூசுப்பையும் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். கொட்டகையில் ஃபேன் இரைச்சல் மட்டும் பாக்கி இருந்தது.

மேடையோடு பேச என்னிடம் ஒரு சின்ன மைக் உண்டு. அதில் சொன்னேன். “பாண்டி, உன் மைக்கைக் கொண்டுபோய் அரசி கிட்டார் முன்னாடி வையி. அரசி, நீ மொதல்ல இருந்து வாசி, ஆத்தா.”

பாண்டி மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனான். அது நேராக நிற்கிற ஸ்டாண்ட், குனியாது. உட்கார்ந்திருக்கிறவள் மடிக்கு எட்டவில்லை. அவன் ஒரு நொடி திருதிருவென்று விழித்தான். பிறகு தன் கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தான். மைக்கை உருவி எடுத்துக்கொண்டு அவள் முன்னால் முழந்தாளிட்டு உட்கார்ந்தான்.

அடுத்த தலைவலி ஃபேன். அந்த இரைச்சலை மீறி மைக்கின் ஒலியைக் கூட்டினால் கூவும், சந்தேகமே இல்லை. என் விரல் குமிழ் மேல்தான் இருந்தது, கூட்டு கூட்டு என்று அரித்தது. நான் கையை எடுத்துவிட்டுச் சுவரோரம் நின்ற எலக்ட்ரீஷியனிடம் ஓடினேன்.

“அண்ணே, ஃபேனை எல்லாம் நிப்பாட்டுங்க.”

அவர் பதில் சொல்வதற்குள் கம்பெனி மேலாளர் வந்துவிட்டார். “என்ன சார் விளையாடுறீங்களா? இந்த வெக்கையில பொம்பளைக, பிள்ளைகள்லாம் இருக்காங்க. மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“ஒரே ஒரு பாட்டு சார். யாராச்சும் போதும்னு சொன்னா அந்த நிமிசமே போட்டுருங்க.”

“ஆளுங்க கத்தப் போறாங்க சார்.”

“கத்துனா என்னையத் திட்டச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு வாசிக்கிறது கேக்கணும் சார், இன்னைக்குக் கேக்கணும்.”

என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியாது, எலக்ட்ரீஷியனைப் பார்த்துத் தலையசைத்தார். ஃபேன்கள் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு நின்றன. “ஏய், என்னப்பா இது!” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. வியர்வை வழிய ஆளாளுக்கு அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள்.

நான் வளைகிற ஸ்டாண்ட் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். பாண்டி பக்கத்தில் போய், “குடுடா, இதுல மாட்டிர்றேன்” என்று கிசுகிசுத்தேன்.

அவன் தலையை ஆட்டினான். “வேணாம்ணே. நான் பிடிச்சுக்கிறேன்.”

நான் என்ன செய்வது? ஸ்டாண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழே மடையன் மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மிக்ஸர் முன்னால் ஆளே இல்லை. உங்களில் எவனாவது அப்படி விட்டுவிட்டு வந்தால் நானே அறைந்திருப்பேன்.

அரசி தொடங்கினாள். நிதானமாக மூன்று, மூன்று. பிறகு இரண்டு இரண்டாக ஓட்டம். யூசுப் டிரம்ஸை விட்டு இறங்கி வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினான். அது அவள் கற்றுக்கொடுத்தது. அடுப்படியில் மாவு தட்டுகிற அளவு சத்தம்தான்.

முன்வரிசையில் இருந்த பாண்டியின் சேக்காளிகளுக்கு அது பொறுக்கவில்லை. நண்பன் மாட்டிக்கொண்டான், கைகொடுத்துத் தூக்கிவிடுவோம் என்று நல்ல மனசோடுதான் தொடங்கினார்கள். “பாண்டி! பாண்டி!” என்று நாலு நாலாகக் கைதட்டல். பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. அரசியின் தோள் இறுகுவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

பாண்டி திரும்பினான். மைக் பிடித்த கை ஆடவில்லை. இன்னொரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கையை அவர்கள் பக்கம் காட்டினான். தன் பேரைச் சொல்லித் தட்டுகிற கூட்டத்தை, அதுவும் தன் சொந்த ஆட்களை, நிறுத்தச் சொன்னான். கைதட்டலுக்காகவே மேடையேறுகிறவன் அவன், உங்களுக்குத் தெரியும். முன்வரிசை குழம்பிப் போய் நின்றது. ஒருவன், “டேய், என்னமோ சொல்றான்டா, இருங்கடா” என்று பின்னால் திரும்பி அதட்டினான். சத்தம் அடங்கியது.

பிறகு அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு நைலான் கிட்டார்தான் இருந்தது. விரல்கள் விரிந்து இறங்குவது கேட்டது. பலகையில் நகம் தட்டுவது கேட்டது. ஓடி வந்து நிற்கிற இடத்தில் அவள் நின்றாள். மூச்சு விட்டாள். அந்த வெற்றிடத்தில் எங்கோ பின்வரிசையில் ஒரு பெண், “ஆத்தீ!” என்றாள். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. ஃபேன் வேண்டும் என்றும் ஒருவரும் கேட்கவில்லை. நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

பாட்டு முடிந்ததும் அவர்கள் தட்டிய தட்டை நான் விவரிக்கப் போவதில்லை. ஃபேன்கள் ஓடின. நான் ஸ்டாண்டில் மைக்கை மாட்டினேன். பாண்டி தன் கிட்டாரை எடுத்தான், நான் எதுவும் சொல்லாமலே ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ப் பாதிக்கு மேல் இறக்கினான். அடுத்த பாட்டில் அவள் ஓடுகிற வரைக்கும் காத்திருந்தான், அவள் நின்று மூச்சு விடுகிற இடத்தில் மட்டும் ஒரே ஒரு நீண்ட சுரத்தை வைத்தான். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஃபிளமெங்கோவும் ராக்கும் கலப்பது என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறை காதில் விழுந்தது. அந்த ஒயர் பிய்ந்த பிறகு மிக்ஸரில் நான் செய்தது என்னவென்று கேட்டால், எல்லாவற்றையும் குறைத்தேன். ஒன்றையும் கூட்டவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஸ்பீக்கர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பாண்டி எனக்கு உதவியாக ஒயர் சுற்றினான். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டான்.

“அண்ணே, அந்தப் பாட்டுல இவ இம்புட்டு நாளா இதையா வாசிச்சுக்கிட்டு இருந்தா?”

கிட்டார்ப் பெட்டியோடு அவன் பின்னால் வந்து நின்ற அரசியின் காதில் அது விழுந்துவிட்டது. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆமாங்க, இதைத்தான் வாசிச்சேன். இன்னமும் வாசிப்பேன்.”

அவன் திரும்பி, “பெறகு? வாசிக்காம என்ன பண்ணப் போற?” என்று சிரித்துக்கொண்டே பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அன்றைக்கு மத்தியானம் அவள் என்னிடம் சொன்னதும், ராத்திரி அவனுக்கு என்ன கிடைத்தது என்பதும் இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அவர்கள் கச்சேரிக்கு இனி உங்களில் யாராவதுதான் போகப் போகிறீர்கள். வாய் தவறிக்கூட அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.